ஏழாம் எண்ணில் இருந்த வாத்தியம்

உறையூரில் எங்கள் மாஸ்டர் வீட்டு மாடியில் ஒரே ஒரு கீபோர்டுதான் இருந்தது. ஐந்து பிள்ளைகள், ஆளுக்குப் பத்து நிமிடம். முறை வரும்வரை மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து தொடையில் விரல் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பாடத்தைவிட டோன் மாற்றிப் பார்ப்பதில்தான் ஆசை. எண்ணை அழுத்தினால் சின்னத் திரையில் பெயர் வரும்: பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், ஃப்ளூட். ஏழாம் எண்ணில் மட்டும் பெயர் இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். ‘ஹார்ப்சி’. வாசித்தால் பழைய படங்களில் பேய் பங்களாவின் கதவு திறக்கும்போது வருமே, அந்த ஒலி. கம்பியை நகத்தால் சுண்டியதுபோல ஒரு வெட்டு, அதன்பின் சில்லென்று ஒரு சிணுங்கல்.

“மாஸ்டர், ஹார்ப்சின்னா என்ன?”

“அது ஒரு பழைய பியானோடா. கைய எடு, அடுத்தவன் வரட்டும்.”

இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் பதிலோடு நிம்மதியாக இருந்தேன். மின்னணு இசைக்கருவி செய்கிறவர்கள் 1991இல் ஒலிகளுக்கெல்லாம் பொதுவாக எண் போட்டபோது ஏழாம் இடத்தை ஹார்ப்சிகார்டுக்குக் கொடுத்தார்கள் என்பதும், எட்டாம் இடத்தில் இருக்கும் ‘கிளாவி’ அதற்கு ஒருவகையில் பங்காளி முறை என்பதும் பிற்பாடு தெரிந்தது. மாஸ்டர் சொன்னது தலைகீழ் என்பது அதற்கும் பிற்பாடு.

அலுவலக வேலையாக ஒரு குளிர்காலம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் தங்க நேர்ந்தது. ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் ஷெல்ட் ஆற்றுப் பக்கம் நடந்தபோது ஃப்ளேய்ஸ்ஹவ்ஸ் கண்ணில் பட்டது. ‘இறைச்சி வீடு’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கசாப்புக்காரர்கள் சங்கம் கட்டிய மண்டபம். செங்கல் சில வரிசை, வெள்ளைக் கல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். அந்த அடுக்குக்குப் பன்றிக்கொழுப்பின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அது இசைக்கருவிகளின் அருங்காட்சியகம். நான் உள்ளே போனதற்கு முதல் காரணம் குளிர்தான்.

உள்ளே ருக்கர்ஸ் குடும்பம் செய்த, கட்டைகளும் கம்பிகளும் கொண்ட பெட்டிக் கருவிகள் இருந்தன. ஹான்ஸ் ருக்கர்ஸ் 1579இல் இந்த ஊரின் புனித லூக்கா சங்கத்தில் சேர்ந்தவர். அது ஓவியர்களின் சங்கம். வாத்தியம் செய்கிறவனுக்கு ஓவியர் சங்கத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். மூடியைத் திறந்து பார்த்தால் கேள்வி அடங்கிவிடும். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் மெல்லிய ஒலிப்பலகை முழுக்கப் பூக்கள், கம்பளிப்புழு, விட்டில்பூச்சி, நடுவில் ஓர் இறால். இறாலை எதற்கு வரைந்தார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. துறைமுக ஊர்க்காரர்கள், வரைந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். மூடியின் உட்புறத்தில் லத்தீன் வாசகங்கள் எழுதுவார்கள். இசை மகிழ்ச்சிக்குத் துணை, துயரத்துக்கு மருந்து என்பது அவற்றில் ஒன்று. டச்சு ஓவியர் வெர்மீரின் இசைப்பாட ஓவியத்தில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நின்று வாசிக்கிறாளே, அந்தக் கருவியின் மூடியிலும் இதே வரிதான்.

ஒலிப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் துளை. அதில் பொன்முலாம் பூசிய உலோகப் பதக்கம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ரோஜா என்று அதற்குப் பெயர். உண்மையில் அதில் இருப்பது சிறகு விரித்த ஒரு தேவதூதன், இரண்டு பக்கமும் செய்தவரின் பெயரெழுத்துகள். தேவதூதன் யாழ் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பாதிப்பெயர் நினைவுக்கு வந்தது. ஹார்ப்சி. ஹார்ப். அட, யாழ்!

அன்றிரவு அகராதிகளைத் தோண்டினேன். ஆங்கிலத்தில் ஹார்ப்சிகார்ட் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டிப்பார்க்கிறது. பிரெஞ்சில் இப்போது வழக்கொழிந்துபோன ‘ஹார்ப்கோர்ட்’ வழியாக வந்தது. அதற்கு மூலம் இத்தாலியில் ‘ஆர்ப்பிக்கோர்டோ’. ஆர்ப்பா என்றால் யாழ் வகை, கோர்டா என்றால் தந்தி. யாழ்த்தந்தி. இந்த ‘ஆர்ப்பா’வும் இத்தாலியின் சொந்தச் சொல் அல்ல. 6ஆம் நூற்றாண்டில் வெனான்ஷியஸ் ஃபார்ச்சுனாட்டஸ் என்ற லத்தீன் கவிஞர், ரோமானியன் லைர் வாசித்து உன்னைப் புகழட்டும், காட்டுமிராண்டி ஹார்ப் வாசித்துப் புகழட்டும் என்று எழுதியிருக்கிறார். வடக்கத்தி ஜெர்மானியக் குடிகளின் சொல் அது. அங்கிருந்து தெற்கே போய் இத்தாலியில் ஒரு கோர்டாவைச் சேர்த்துக்கொண்டு, பிரான்ஸ் வழியாகத் திரும்ப வடக்கே இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இறங்கியதும் அதற்கு நடுவில் ஓர் ‘ஸ்’ முளைத்தது. இத்தாலியில் இல்லை, பிரெஞ்சில் இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். வாய்க்கு வந்தபடி சொல்லிச் சொல்லி ஆனதுதான் என்பது என் எண்ணம். அந்த நூற்றாண்டின் லண்டன்காரர் சாமுவேல் பெப்பீஸின் நாட்குறிப்பில் அது ‘ஹார்ப்சிகான்’. 1663 மே 1ஆம் தேதி ஒரு வீட்டுக்குப் போய் அங்கே ஒரு சின்னப் பெண் ஹார்ப்சிகான் வாசிக்கக் கேட்டுவிட்டு வந்து, கேட்கிற எவனுக்கும் குமட்டிக்கொண்டு வரும், ஆனாலும் ஓகோவென்று பாராட்ட வேண்டியதாகிவிட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். நவராத்திரிக்கு வீடு வீடாகப் போய்ப் பாட்டுக் கேட்டவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்.

கடைசியில் நிற்கும் ‘கார்ட்’ என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. கீபோர்டு படித்தவனுக்குக் கார்ட் என்றால் சி மேஜர், ஏ மைனர்தான். மூன்று சுரத்தைச் சேர்த்து அழுத்துகிற அந்தக் கார்ட் வேறு குடும்பம். இசைவு என்று பொருள்படும் ‘அக்கார்ட்’ தலையை இழந்து அப்படி ஆனது. ஹார்ப்சிகார்டில் இருப்பது கிரேக்கத்தின் ‘கோர்டே’. அதற்கு முதல் பொருள் குடல். ஆட்டுக்குடலை முறுக்கித் தந்தி கட்டியதால் குடலின் பெயரே தந்திக்கும் ஆயிற்று. நாம் மட்டும் என்ன செய்தோம்? யாழில் கட்டியது நரம்பு, உடம்பில் ஓடுவதும் நரம்பு. நரம்பின் மறை என்று தொல்காப்பியத்திலேயே இசை நூலுக்குப் பெயர். கிரேக்கனும் தமிழனும் பேசி வைத்துக்கொள்ளாமல் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

குடல் என்று பெயர் வைத்த கருவியைக் கசாப்பு மண்டபத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்று தனியாகச் சிரித்துக்கொண்டேன். ஆனால் ருக்கர்ஸ் கருவியில் இருப்பது குடல் இல்லை. மேல் சுரங்களுக்கு இரும்புக் கம்பி, கீழ்ச் சுரங்களுக்குப் பித்தளை. குடல்தந்தி கட்டிய வகையும் இருந்திருக்கிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1750இல் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் அப்படி இரண்டு உண்டு. அவற்றுக்கு ஜெர்மனில் லூட் வாத்தியத்தின் பெயர்! ஆக, குடல் கட்டியதற்கு வேறு பெயர், கம்பி கட்டியதற்குக் குடல் என்று பெயர். யாழும் அப்படித்தான். யாழில் விரல் தந்தியைத் தொடும். இதில் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பொறியே இருக்கிறது.

அந்தப் பொறியைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு சில வாரங்கள் கழித்துக் கிடைத்தது. அலுவலகத்தில் உடன் வேலை செய்த ஒருவருக்குத் தெரிந்தவர், ஊருக்கு வெளியே இந்தக் கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் பிழைப்பவர். அறுபது வயதிருக்கும். தச்சுப்பட்டறைதான், இழைப்புளிச் சுருள் காலில் சிக்கியது, வஜ்ஜிரப் பசை மணம். நடுவில் மூடி திறந்தபடி ஒரு ஹார்ப்சிகார்ட், ருக்கர்ஸ் ஒன்றைப் பார்த்துச் செய்த நகல்.

“இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

“ஹார்ப்சிகார்ட்.”

“அது ஆங்கிலம்.”

“எங்களிடம் வேறு சொல் இல்லை.”

“நாங்கள் கிளாவசிம்பல் என்போம்” என்றார். சொல்லிவிட்டு வரிசையாக நின்ற மரப்பட்டைகளில் ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம் இருக்கும், அடிமட்டக்கோலைவிடக் குறுகல், எடை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஜாக் என்று ஏதோ வேலைக்காரப் பையன் பெயர். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் குதிப்பவன் என்ற பொருளில் சொல்கிறார்கள். இத்தாலிக்காரர்களுக்கு அதே பெயரில் ஒரு குதியாட்டமும் உண்டு. பட்டையின் தலையில் ஒரு பிளவு, அதில் ஊசியளவு அச்சில் ஆடும் ஒரு சின்ன நாக்கு. நாக்கில் குத்தி நீட்டிக்கொண்டிருந்தது ஒரு கறுப்பு முள். உற்றுப் பார்த்தேன்.

“காக்கை” என்றார். “இறகின் தண்டு. இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் போடுகிறோம். இந்த ஒன்றில் மட்டும் பழைய முறை.”

நாக்கின் முதுகில் ஒரு மயிர் அழுத்திக்கொண்டிருந்தது. பன்றிமயிர், அதுதான் சுருள்வில். கட்டையை அழுத்தினால் அதன் மறுமுனை மேலே எழும், அதன்மேல் நிற்கும் பட்டையும் எழும். காக்கை முள் கம்பியின் அடியில் முட்டும், கொஞ்சம் முரண்டும், பிறகு நழுவி மேலே போகும். அந்த நழுவல்தான் சுரம். விரலை எடுத்தால் பட்டை கீழே விழும். முள் கம்பியின்மேல் பட்டதும் நாக்கு பின்னால் மடங்கி, சுண்டாமல் தாண்டிக் கீழே வந்துவிடும். பன்றிமயிர் நாக்கைப் பழைய இடத்துக்குத் தள்ளும். பட்டையில் ஒட்டிய கம்பளித் துணி கம்பிமேல் உட்கார, ஒலி அடங்கும். இவ்வளவும் ஒரு சுரத்துக்கு. என் ஆண்டு கணக்குத் தணிக்கை மென்பொருளில் இதைவிட அழகாக எழுதிய ஒரு வரி கிடையாது.

ஒரு முள் தேய்ந்திருந்தது. அவர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுத் தண்டைச் செருகினார். சின்ன மரக்கட்டைமேல் வைத்துக் கத்தியால் அடிப்பக்கமாக ஒரு சீவல். பட்டையை இடத்தில் இறக்கி அழுத்தினார்: கரகரப்பு. மறுபடி எடுத்து ஒரு சீவல், முடியளவு. அழுத்தினார். இன்னொரு சீவல். நான்காம் தடவை ஒலி தெளிந்தது. அதிகமாகச் சீவிவிட்டால் என்று கேட்டேன். “தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு இறகு” என்றார்.

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். மெதுவாக அழுத்தினேன், விரலின் கீழ் அந்த முரண்டு தெரிந்தது, பிறகு ஒரு சொடுக்கு. ஓங்கி அழுத்தினேன். அதே ஒலி, அதே அளவு. எவ்வளவு ஓங்கினாலும் கம்பி அவ்வளவுதான் பேசும், ஏனென்றால் முள் கம்பியை விடும் இடம் மாறுவதில்லை. எங்கள் மாஸ்டர் வீட்டுக் கீபோர்டும் விலை மலிந்த வகை. தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். பியானோ டோனில் அது மோசடி. ஏழாம் எண்ணில் மட்டும் அது அப்பட்டமான உண்மையாக இருந்திருக்கிறது!

இந்தக் குறையைப் பெரியவர்களும் அறிந்தே இருந்தார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1713இல் தன் முதல் தொகுதியின் முன்னுரையில், இக்கருவியின் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, கலைத்திறத்தால் இதையும் உணர்ச்சி காட்டவைக்கிறவர்களுக்கு என்றென்றும் நன்றியோடிருப்பேன் என்று எழுதினார். வீணையைப் போலவே இதிலும் மீட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கும். அதற்காகத்தானோ என்னவோ, இதற்கு எழுதிய இசையில் அத்தனை நடுக்கலும் சுழிப்பும்.

கம்பிகள் ஒலிப்பலகைக்கு மேலே ஒரு வளைந்த மரத்தண்டின்மேல் ஏறி இறங்கிப் போயின. “இது?” என்றேன். ஆங்கிலத்தில் பிரிட்ஜ், பாலம். பிரெஞ்சில் ‘ஷெவாலே’ என்றார். அப்படியென்றால்? குட்டிக் குதிரை.

வீணையிலும் தம்புராவிலும் நாம் அதைக் குதிரை என்றுதான் சொல்கிறோம் என்றேன். இங்கிலாந்துக்காரன் பாலம் கட்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரனும் நாமும் குதிரையைக் கட்டியிருக்கிறோம். அவர் அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

சரி, கிளாவசிம்பலுக்கு வருவோம். ஐரோப்பாவில் ஆங்கிலத்தை விட்டால் பெரும்பாலான இடங்களில் அந்தக் குடும்பப் பெயர்தான். இத்தாலியில் கிளாவிச்செம்பலோ, பிரெஞ்சில் கிளாவ்சேன், போலந்தில் கிளாவெசின், ஜெர்மனில் முன்பாதியை வெட்டிவிட்டுச் செம்பலோ. பழைய சான்று 1397ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. பதுவா நகரத்துச் சட்ட அறிஞர் ஒருவர் எழுதியது. ஹெர்மன் போல் என்பவர் ‘கிளாவிசெம்பலம்’ என்ற கருவியைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார் என்கிறது. போல் வியன்னாக்காரர், மருத்துவம் படித்தவர். 1401இல் அரசர் ரூப்ரெக்டுக்கு நஞ்சு வைக்கச் சதி செய்ததாக நியூரம்பெர்கில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கருவி பிழைத்துக்கொண்டது. 1425இல் ஜெர்மனியின் மிண்டன் தேவாலயப் பீடத்தில் ஒரு தேவதூதன் கையில் அதைச் செதுக்கியிருக்கிறார்கள். 1440 வாக்கில் பர்கண்டி அரசவையின் ஆன்ரி ஆர்னோ, அவரும் மருத்துவர், அளவோடு வரைபடமே போட்டு வைத்தார். அந்தக் காலத்து வைத்தியர்களுக்கு நோயாளிகள் குறைவு போலிருக்கிறது.

செம்பலோ என்பது சிம்பல், அதாவது நம் ஜால்ரா. ஜால்ராவுக்கும் இதற்கும் என்ன உறவு? கம்பிகளைப் பெட்டிமேல் பரப்பிக் குச்சியால் தட்டும் ஒரு கருவி இருந்தது, நம் சந்தூர் மாதிரி. அதன் கலகல ஒலிக்காக அதற்கு ஜால்ராவின் பெயர் வந்தது. ஹங்கேரியில் இன்றும் அதைச் சிம்பாலோம் என்பார்கள். அப்படிப்பட்ட கம்பிப்பெட்டிக்கு ‘கிளாவிஸ்’ பொருத்தியதால் கிளாவிச்செம்பலோ. ஜால்ராவும் கிடையாது, குச்சியால் தட்டுவதும் கிடையாது. இந்தப் பெயரும் பிசகுதான்.

ஆனால் ‘கிளாவிஸ்’ பிசகவில்லை. லத்தீனில் அது திறவுகோல். இடைக்காலத்தில் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளுக்குக் கிளாவிஸ் என்று பெயர். ஆர்கனின் கட்டைகள்மேல் அந்த எழுத்துகளை எழுதி வைக்க, பெயர் எழுத்திலிருந்து கட்டைக்கு இறங்கியது. அந்தக் கிளாவிஸ் போர்த்துகீசில் தேய்ந்து ‘ஷாவ்’ ஆனது. போர்த்துகீசியர்கள் கப்பலில் நம் கரைக்கு வந்தபோது ஜன்னல், அலமாரி, மேசையோடு அதையும் இறக்கிவிட்டுப் போனார்கள். நாம் அதைச் சாவி என்கிறோம்.

என் பாட்டி இடுப்பில் செருகியிருந்த கொத்துச் சாவியும், பாக்கின் கிளாவியர் என்ற கட்டை வாத்தியமும், ஏழாம் எண்ணுக்கு அடுத்த எட்டாம் எண்ணில் இருந்த ‘கிளாவி’யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது, போர்த்துகீசில் ஹார்ப்சிகார்டை ‘கிராவு’ என்பார்கள், அதே சொல்லுக்குக் கிராம்பு என்றும் ஆணி என்றும் பொருள் உண்டு என்றார். கிராம்புக் கடையில் போய் இதைக் கேட்டால் என்ன தருவார்களோ!

இங்கிலாந்தும் பிரான்சும் இரண்டு பெயரில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டன என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் அவ்வளவு நேர்கோடு இல்லை. 1551இல் வெனிஸில் அச்சான ஒரு நடன இசைப் புத்தகத்தின் தலைப்பே ஒரு பட்டியல்: ஆர்ப்பிக்கோர்டோ, கிளாவிச்செம்பலோ, ஸ்பினெட்டா, மனக்கோர்டோ எல்லாவற்றிலும் வாசிக்கலாம் என்கிறது. ஒன்றுதான் இன்னொன்று என்றால் இரண்டு பெயர் எதற்கு? ஆர்ப்பிக்கோர்டோ அவர்களுக்கு வேறொரு வடிவத்துக் கருவியாக, ஒருவேளை சின்னப் பெட்டி வகையாக, இருந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர்கள் தம்பியின் பெயரை எடுத்து அண்ணனுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சங்கதி. ஆண்ட்வெர்ப்பில் செய்த ஒருவகைப் பெட்டிக் கருவியில், கீழ்ச் சுரக் கம்பிகளுக்குப் பக்கத்தில் சின்னக் கொக்கிகளின் வரிசை ஒன்று உண்டு. தள்ளினால் கொக்கி கம்பியை ஒட்டி வந்து நிற்கும், கம்பி அதிரும்போது அதில் பட்டு ரீங்கரிக்கும். அந்த அமைப்புக்குப் பெயர் ‘ஆர்ப்பிக்கோர்டும்’. அக்காலத்து ஹார்ப்புகளிலும் தந்தியின் அடியில் இப்படி ஒரு முளை வைத்து ரீங்காரம் எழுப்பினார்கள். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் செருகி ஜீவா பிடிக்கிறோமே, அதே வித்தை. பட்டறைக்காரர் என் முன்னால் கொக்கியைத் தள்ளி வாசித்துக் காட்டியபோது எனக்குச் சபாவில் திரை தூக்குமுன் கேட்கும் தம்புரா காதில் விழுந்தது. யாழ்த்தந்தி என்ற பெயர் வடிவத்தால் வரவில்லை, இந்த ரீங்காரத்தால்தான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஒன்றும் இல்லை, காது மட்டும்தான்.

கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். செம்பலோ ஒருபுறம் இருக்க, அவர்கள் இதை ‘ஃப்ளூகல்’ என்றார்கள், சிறகு. ஒருபக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் ஒடுங்கும் பெட்டியைப் பார்த்தால் சிறகுதான். பாக்கின் மகன் கார்ல் பிலிப் எமானுவேல் 1753இல் வாசிப்பு முறை பற்றிப் புத்தகம் எழுதியபோதுகூட ஃப்ளூகல் என்றால் ஹார்ப்சிகார்ட்தான். இன்று ஜெர்மனியில் ஃப்ளூகல் கேட்டால் கிராண்ட் பியானோவைக் காட்டுவார்கள்.

பெயரைப் பிடுங்கிக்கொண்ட அந்தப் பியானோவின் கதைக்கு வருகிறேன். ஃபிளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்து இளவரசரிடம் 1688 முதல் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர் பார்த்தலோமேயோ கிறிஸ்தோபோரி. காக்கை முள்ளுக்குப் பதிலாகத் தோல் சுற்றிய சிறு சுத்தியல்கள் கம்பியைத் தட்டும்படி ஒன்றைச் செய்தார். விரல் மெதுவாகப் போனால் மெல்லொலி, ஓங்கினால் வல்லொலி. 1700ஆம் ஆண்டு மெடிச்சி வாத்தியப் பட்டியலில் அதைப் பதிந்த கணக்கர், புது வாத்தியத்துக்கு என்ன பெயர் என்று முழித்திருப்பார். அவர் எழுதியது: கிறிஸ்தோபோரி புதிதாகக் கண்டுபிடித்த ஓர் ‘ஆர்ப்பிச்செம்பலோ’, மெதுவாகவும் உரக்கவும் ஒலிப்பது. ஆர்ப்பா ஒரு பக்கம், செம்பலோ ஒரு பக்கம். இரண்டு பிசகையும் சேர்த்து ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டார். மெதுவாக என்பதற்கு இத்தாலியில் பியானோ, உரக்க என்பதற்கு ஃபோர்த்தே. 1711இல் ஷிபியோனே மாஃபேய் அதைப் பற்றி எழுதியபோதும் அது மெதுவும் உரப்பும் கொண்ட செம்பலோதான். காலம் போகப் போகப் பெயர்ச்சொல் உதிர்ந்து, அடைமொழி மட்டும் மிஞ்சியது. பியானோ என்றால் ‘மெதுவாக’. அவ்வளவு பெரிய வாத்தியத்துக்கு!

ஹார்ப்சிகார்ட் பழைய பியானோ என்றார் எங்கள் மாஸ்டர். பிறந்தபோது பியானோதான் ஒரு புது ஹார்ப்சிகார்ட். இதைச் சொல்லலாம் என்று இரவோடு இரவாக அவருக்குப் போன் போட்டேன். உறையூரில் அப்போது விடிகாலை. “இதுக்கா இந்த நேரத்துல கூப்பிட்ட?” என்றார். பிறகு, “சரி, அப்ப கீபோர்டுக்கு என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை பட்டறைக்குப் போனேன். மழை. கருவியை மறுநாள் ஒரு தேவாலயத்துக்கு எடுத்துப்போக வேண்டுமாம், சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஈரம் ஏறினாலே மரம் உப்பிச் சுருதி ஓடிவிடும். இதை வாசிக்கிறவர்கள் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். மொத்தம் 45 கட்டைகள், கட்டைக்கு இரண்டு கம்பி, ஆக 90.

“இடது கோடியில் இந்தக் கடைசிக் கட்டையை அழுத்துங்கள்” என்றார்.

நம் கணக்கில் அது மூணு கட்டை. பாட்டுக் கச்சேரியில் ஒரு கட்டை, அஞ்சு கட்டை என்று சுருதி சொல்கிறோமே, ஆர்மோனியப் பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை எண்ணித்தானே அது. அழுத்தினேன். ஒரு கட்டை கேட்டது. எனக்குக் காது போய்விட்டதா? இன்னொருமுறை அழுத்தினேன். ஒரு கட்டைதான்.

அவர் சிரித்தார். அடியில் இருக்கிற கறுப்புக் கட்டைச் சுரங்கள் அந்தக் காலத்தில் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. பெட்டியை நீட்டாமல் இடத்தை மிச்சப்படுத்த, மூணு கட்டைக்கான இடத்தில் ஒரு கட்டைக் கம்பியைக் கட்டிவிட்டார்கள். கறுப்புக் கட்டைகளில் நாலரையை அழுத்தினால் இரண்டு கேட்கும், ஐந்தரையை அழுத்தினால் மூன்று. பெயர் ஒன்று, ஒலி வேறு.

“பழகிவிடும்” என்றார். கையிலிருந்த சுருதித் திருகியைக் காட்டி, “இதற்கு எங்கள் மொழியில் என்ன பெயர் தெரியுமா?” என்று கேட்டார்.

“என்ன?”

“சாவி.”

ஆணித்தலையில் அதை மாட்டி, மூச்சு விடுகிற அளவுக்குத் திருகினார். அழுத்துங்கள் என்றார். அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் என்றார். கூரையில் மழை பலமாக இருந்ததால் இருவரும் கம்பிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் குனிந்துகொண்டோம். என் ரயிலுக்கு அரைமணி இருந்தது, இன்னும் 89 கம்பிகள் பாக்கி.